நாலு வாசல் வைத்த போர்வை

வாகைப்பொத்தை ஊரில் உச்சிமாகாளியின் வீடு எது என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. மழை நாளில் எந்த வீட்டுக்காரர்கள் தெருவில் நின்றுகொண்டு, உள்ளே மழை விட்டுவிட்டதா என்று எட்டிப் பார்க்கிறார்களோ, அதுதான் அவர் வீடு. அந்த வீட்டில் மூன்று பேர். உச்சிமாகாளி, அவர் மனைவி பேச்சி, அவருடைய கல்யாணமாகாத தம்பி கொம்பையா. மூன்று பேருக்கும் பொதுவாக ஆண்டவன் ஒரு படி அறிவைக் கொடுத்திருந்தான். செலவழித்தால் தீர்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள். அதில் கொஞ்சம் புழக்கத்தில் இருந்தது பேச்சியிடம்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சி அதை நம்பினாள்.

ஒரே மகள் செண்பகவடிவை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆனி மாதத்தில் ஒருநாள் சம்பந்தியம்மா ஆவுடையம்மாள் வந்து இறங்கினாள். செண்பகம் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதியைச் சொன்னாள். பேச்சி சந்தோஷத்தில் அழுதாள். அவள் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்து ஆவுடையம்மாள் அடுத்ததைச் சொன்னாள்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல மதினி. ஆனா இந்த வீடு இப்படி ஒழுகுனா நான் பிள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டேன். வீட்டச் சரி பண்ணுங்க. பிள்ளைக்குப் பழஞ்சேலையில கனமா ஒரு போர்வையும் தச்சு வையுங்க, பனிக்காலத்துல பொறக்கப்போவுது. கார்த்திகையில வந்து பாப்பேன். ஒண்ணக் கவனிச்சு ஒண்ணக் கைவிட்டுராதிய. வீட்டுக்கு என்ன செய்யுதியளோ, அதே அக்கறையாப் போர்வைக்கும் செய்யணும். அப்பத்தான் செண்பகம் வருவா."

அவள் போனபின் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"சம்பந்தியம்மா ரொம்பத் தெளிவாச் சொல்லிட்டாக," என்றார் உச்சிமாகாளி. "வீட்டுக்குச் செய்யுததையெல்லாம் போர்வைக்கும் செய்யணும்."

"அப்ப போர்வைக்குச் செய்யுதத வீட்டுக்குச் செய்யாண்டாமா அண்ணே? வீடு கோவிச்சுக்கிடாதா?" என்றான் கொம்பையா.

"அதுவும் நியாயந்தான். ரெண்டுக்கும் ரெண்டையும் செய்வோம்."

பேச்சிக்கு இதில் எங்கோ ஒரு இடறல் தெரிந்தது. ஆனால் மகள் வரவேண்டுமே. மூன்று வருஷமாகச் செண்பகம் இந்த வீட்டில் ஒருநாள்கூடச் சேர்ந்தாற்போலத் தங்கியதில்லை. அவள் தலையில் எண்ணெய் வைத்து எத்தனை நாளாகிறது என்று பேச்சி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எதற்கு வம்பு, சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவோம் என்று ஊசியை எடுத்தாள்.

அருளப்பக் கொத்தனார் வந்து நாடாவைப் பிடித்து முன்னறையை அளந்தார். பத்தடிக்குப் பத்தடி. பேச்சியும் சேலைத் துண்டுகளை அளந்து பத்தடிக்குப் பத்தடி வெட்டிச் சேர்த்தாள்.

"பொறக்கப்போறது பிள்ளதானம்மா, யானை இல்லையே," என்றார் கொத்தனார்.

"இந்த அறையும் அந்தப் பிள்ளைக்குத்தான கொத்தனாரே. இத மட்டும் முழத்துக்கு முழமாவா அளந்தீய?" என்று பேச்சி கேட்டாள். கொத்தனார் கலவை குழைக்கப் போய்விட்டார்.

பழைய நிலைவாசலைக் கரையான் தின்றிருந்தது. நல்ல நாள் பார்த்துப் புது நிலை வைத்தார்கள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மாவிலை கட்டித் தேங்காய் உடைத்தார்கள். தேங்காயின் ஒரு மூடியை உச்சிமாகாளி தனியே எடுத்து வைத்தார்.

"போர்வைக்கும் வாசல் வைக்கணுமே. வாசல் இல்லாத போர்வைக்குள்ள பிள்ள எப்படிப் போவும்?"

பேச்சி போர்வையின் ஓரத்தில் வாசல் வெட்டி, பட்டுக்கரையால் நிலை தைத்தாள். மாவிலையையும் தைத்துச் சேர்த்தாள். வாசல் கிழக்குப் பார்த்திருந்தது. எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, கொம்பையா போர்வையைத் திருப்பிப் போட்டுவிட்டான். வாசல் தெற்குப் பார்த்தது. தெற்கு எமன் திசை. பேச்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"போர்வையத் தரையோட ஆணியடிச்சிருவோமா?" என்றார் உச்சிமாகாளி.

"பிள்ள உருளுமே அண்ணே."

நெடுநேரம் ஆலோசித்து, நாலு பக்கமும் நாலு வாசல் வைப்பதென்று முடிவாயிற்று. எப்படித் திருப்பினாலும் ஒரு வாசல் கிழக்கே பார்க்கும். இந்த யோசனையைச் சொன்னவள் பேச்சி. அன்று முழுவதும் கொழுந்தன் அவளை மரியாதையோடு பார்த்தான்.

ஆடிக் காற்றில் பூச்சு வேலை நடந்தது. "ஏழு நாள் காலையும் சாயங்காலமும் சுவத்துக்குத் தண்ணி விடணும். இல்லன்னா வெடிச்சுப்போவும்," என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் போனார். சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டார்கள். போர்வைக்கும் ஏழு நாள் விட்டார்கள். பேச்சி எப்போதோ ஒரு சேலை முந்தியில் வெந்தயத்தை முடிந்து வைத்து மறந்திருந்தாள். எட்டாம் நாள் போர்வை முளைத்துவிட்டது.

"உசிரு வந்துட்டு," என்றான் கொம்பையா.

அந்த வாரம் போர்வையிலிருந்து இரண்டு தடவை வெந்தயக்கீரை பறித்துக் குழம்பு வைத்தார்கள். நன்றாகவே இருந்தது. சுவரில் ஏன் ஒன்றும் முளைக்கவில்லை என்று உச்சிமாகாளிக்குத்தான் மனத்தாங்கல். கொத்தனார் போட்ட சிமெண்டு மட்டமோ என்று சந்தேகப்பட்டார்.

ஆவணியில் நல்ல வெயில். பேச்சி ஈரப் போர்வையைக் காயப்போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும், வீடும்தானே ஏழு நாள் நனைந்தது என்று கூரையேறி ஓடுகளையெல்லாம் கழற்றி முற்றத்தில் பரப்பினார்கள். சாயங்காலம் பேச்சி போர்வையை மடித்து வைத்தாள். வீட்டை எப்படி மடிப்பது என்ற கேள்வி வந்தது. மடங்கக்கூடியதை மட்டும் மடிப்போம் என்று பாய், சாக்கு, நாற்காலி, கதவு எல்லாவற்றையும் மடித்தார்கள். மடிக்க வேறொன்றும் இல்லாதபோது காலை மடித்து உட்கார்ந்துகொண்டார்கள்.

புரட்டாசி முழுவதும் போர்வையில் தையல் ஓடியது. கொத்தனார் ஓடுகளை மறுபடி ஏற்றிச் சரிபார்த்தார். ஐப்பசி முதல் மழைக்கு முன்னால் கூரைமேல் பத்துக் குடம் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. பேச்சி சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். செண்பகம் இனி வந்தமாதிரிதான் என்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எழுந்து பார்த்தால் கொம்பையா போர்வையை விரித்துப் பிடிக்க, உச்சிமாகாளி அதன்மேல் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அப்படியே கீழே இறங்கியது.

"பேச்சி," என்றார் உச்சிமாகாளி. அவர் முகம் செத்துப்போயிருந்தது. "போர்வ ஒழுகுது."

அடுத்த நாள் அருளப்பக் கொத்தனார் கூலி வாங்க வந்தபோது, பேச்சி கோணி ஊசியால் போர்வையில் ஓடு தைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டின் ஓரத்தில் கொம்பையா ஆணியால் பக்குவமாகத் துளை போட்டுக் கொடுத்தான்.

"ஓடு ஏதும்மா?" என்று கேட்டார் கொத்தனார்.

பேச்சி ஊசியை நிறுத்தாமல் மோவாயால் கூரையைக் காட்டினாள். கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். நடுவில் வானம் தெரிந்தது. கூலியை வாங்கிக்கொள்ளாமலே நடக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அவரைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

கூரையில் ஓட்டை விழுந்ததை எண்ணிப் பேச்சி ஒருநாள் கவலைப்பட்டாள். பிறகு மிச்சமிருந்த சேலைத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, ஓட்டைமேல் இழுத்துக் கட்டச் சொன்னாள்.

கார்த்திகையும் வந்தது. வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்கித் தட்டில் அடுக்கி வைத்தார்கள். ஆவுடையம்மாள் வருகிற அன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. போர்வையைக் காட்டுவதற்காக வீட்டுக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். புது நிலைவாசலுக்குள் அது நுழையவில்லை. முற்றத்திலேயே நாலு மூங்கில் நட்டு, நாலு ஓரமும் வாசலோடு கீழே தொங்கும்படி, நாற்பது ஓட்டோடு அதைத் தூக்கிக் கட்டினான் கொம்பையா.

ஆவுடையம்மாள் செண்பகத்தைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். நேரே வீட்டுக்குள் போனாள். சேலைக் கூரை வழியாக மழை சல்லடையில் சலித்ததுபோல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சி சம்பந்தியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே நிற்கிற மகளை ஆசைதீரப் பார்க்கக்கூட முடியவில்லை.

"வீடு ஒழுகுதே மதினி," என்றாள் ஆவுடையம்மாள்.

"போர்வ ஒழுகல," என்றாள் பேச்சி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

அதற்குள் செண்பகம், அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள், முற்றத்துக்கு ஓடிக் கிழக்கு வாசல் வழியாகப் போர்வைக்குள் நுழைந்திருந்தாள். "அத்தே, இங்ஙன வந்து பாருங்க. ஒரு சொட்டு விழல," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

ஆவுடையம்மாள் உள்ளே போனாள். சுற்றிப் பார்த்தாள். மேலே தட்டிப் பார்த்தாள். நாலு வாசலையும் எண்ணினாள். மூன்று பேரும் மழையில் நனைந்தபடி அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணாச்சி, ஓடு போட்டு, நெல வச்சு, ஒழுகாம இருந்தா அது என்னது?"

"வீடு," என்றார் உச்சிமாகாளி.

"பழஞ்சேலையில கனமாத் தச்சு, மேல மூடியிருந்தா?"

"போர்வ."

"அப்ப இது வீடு. அங்ஙன கூரையில கிடக்கிறது போர்வ. ரெண்டும் நான் சொன்னது சொன்னபடி இருக்கு. இதுக்கு எதுக்கு மதினி கண்ணக் கசக்குதிய? செண்பகம் இங்ஙனயே இருக்கட்டும்."

பேச்சி மகளைக் கட்டிக்கொண்டாள். இத்தனை பெரிய அறிவாளியின் வீட்டில் பெண்ணைக் கொடுத்தோமே என்று உச்சிமாகாளிக்கும் பெருமை தாங்கவில்லை.

"புது வீட்டுக்குப் பால் காய்ச்சிட்டியளா?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

காய்ச்சவில்லை. புது வீட்டுக்குள் முதலில் பசுமாடு நுழைய வேண்டும். மழை வெறித்ததும் கொம்பையா அடுத்த தெருவிலிருந்து ஒரு செவலைப் பசுவை ஓட்டி வந்தான். பொட்டு வைத்து, மாலை போட்டு, கிழக்கு வாசல் வழியாக உள்ளே விட்டார்கள். மாடு உள்ளே போனது. அங்கே எஞ்சியிருந்த வெந்தயக் கொழுந்து ஒன்றைக் கடித்து இழுத்தது. நாலு மூங்கிலும் சாய்ந்தன. வீடு மாட்டின் முதுகில் உட்கார்ந்துகொண்டது.

மாடு பயப்படவில்லை. அசைபோட்டபடி மேற்கு வாசல் வழியாகத் தலையை நீட்டி, நாற்பது ஓடும் கலகலக்கத் தெருவில் இறங்கி நடந்தது.

"வீடு போவுது அண்ணே," என்றான் கொம்பையா.

"பதறாத. சாமான எடு," என்றார் உச்சிமாகாளி.

பால் சட்டியைக் கொம்பையா எடுத்தான். பாயையும் அரிசிப் பானையையும் உச்சிமாகாளி தூக்கிக்கொண்டார். வளையல் தட்டோடு ஆவுடையம்மாள் வந்தாள். பேச்சி மகளின் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு, மற்றொரு கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் போனாள். மாடு வேலியோரம் நின்று மேய்ந்தபோது பாயை விரித்து உட்கார்ந்து செண்பகத்தின் தலையில் எண்ணெய் வைத்தாள். மாடு நகர்ந்தபோது எழுந்து நடந்தார்கள்.

ஊர்க்கோடியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த பெண்கள் இந்த ஊர்வலத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"பிள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு எங்கக்கா கெளம்பிட்டிய?" என்று ஒருத்தி கேட்டாள்.

பேச்சிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. மகளின் பின்னலில் கடைசி முடிச்சைப் போட்டபடி சொன்னாள்.

"எங்கயும் போகல தாயி. வீட்டுலதான் இருக்கோம்."