மௌன நேரத்து இருமல்

தாணுலிங்கத்துக்குப் பொறுமை உண்டா என்று அவர் டைம் கீப்பராக வேலை பார்த்த பஸ் டிப்போவில் கேட்டுப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வண்டி கொஞ்சம் பிந்தினால் போதும், டிரைவரின் பரம்பரையையே இழுத்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன், மனைவி இறந்த பிறகு, சின்ன மகள் ஆவுடையைக் கூட்டிக்கொண்டு மலையடி மடத்தில் சீடராக வந்து சேர்ந்தார்.

அந்த மடத்தில் மதியப் பந்தி முடிந்து, கூடத்தைக் கூட்டியதும் ஒரு மணி அடிப்பார்கள். பிறகு வெயில் தாழும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கூடத்தைக் கூட்டி மணி அடிக்கும் பொறுப்பைத் தாணுலிங்கத்திடம் கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஆவுடைக்குக் கக்குவான் இருமல் வந்தது.

சாதாரண இருமலா அது? விடாமல் இருமி இருமிப் பிள்ளையின் முகம் நீலம் பாரித்துவிடும். கடைசியில் கூவுவது மாதிரி ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள். அதோடு சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும். மடத்துத் தலைவி மரகதவல்லி அம்மாள் முன்பு குழந்தைகள் டாக்டராக இருந்தவர். தாணுலிங்கத்தைவிட வயதில் இளையவர். அவர்தான் மருந்து கொடுத்தார். மருந்து முடிந்தது. இனி யாருக்கும் தொற்றாது, கிருமி செத்துவிட்டது என்றார்.

இருமல் மட்டும் அப்படியே இருந்தது.

மௌன நேரத்தில் அது தொடங்கும். கூடத்தில் எல்லோரும் ஒற்றைக் கண்ணைத் திறந்து தாணுலிங்கத்தைப் பார்ப்பார்கள். அவருக்கு மானம் போகும். அடக்கு, அடக்கு என்று மகளிடம் கையைக் காட்டுவார். அவளும் பாவாடையை வாயில் திணித்துக்கொண்டு அடக்கிப் பார்ப்பாள். அடக்கினால் நிற்கிற சங்கதியா அது?

ஒரு நாள் காலை டவுனுக்குப் போனவர் மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். ஒரு மூடி கொடுத்தால் இருமலே எழும்பாது, பிள்ளை அடித்துப் போட்டாற்போல் தூங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பந்தி முடிந்த கையோடு அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மாளிடம் போய் நின்றார்.

"கிருமி செத்துப்போச்சுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க? அப்புறம் யாரு இருமுறது?"

அம்மாள் பாட்டிலைப் பார்த்தார். மூச்சுக்குழாயின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் உண்டு என்றார். அவை ஓயாமல் மேல்பக்கமாக அசைந்து சளியையும் தூசியையும் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். கக்குவான் கிருமி வேறு எங்கும் போகாது, நேரே அந்த மயிரில்தான் போய் ஒட்டும். அங்கேயே உட்கார்ந்து விஷத்தைக் கக்கும். மயிர் அசையாமல் நின்றுபோகும், பிறகு அந்தத் தோலே உதிர்ந்துவிடும்.

மயிரோ மண்ணாங்கட்டியோ, எனக்கு இன்றைக்கு இருமல் நிற்கவேண்டும் என்றார் தாணுலிங்கம்.

"சரி. முதல்ல கூடத்தைக் கூட்டுங்க. மணிக்கு நேரமாச்சு."

மூலையில் மூங்கில் கழியில் கட்டிய ஈர்க்குமாறு இருந்தது. அம்மாள் அதை எடுத்துக் கட்டைத் தளர்த்தினார். ஈர்க்குகளை உருவி உருவிச் சன்னல் வழியே போட்டார். வெறுங்கழியை அவர் கையில் கொடுத்தார்.

தாணுலிங்கம் பல்லைக் கடித்தார். குரு சொல்லிவிட்டார், என்ன செய்வது? கழியால் தள்ளிப் பார்த்தார். சோற்றுப் பருக்கை தரையோடு தரையாக நசுங்கியதுதான் மிச்சம். கழியை வீசிவிட்டு மண்டியிட்டு இரண்டு கையாலும் எச்சில் இலைகளை வாரினார். வாளி உருண்டது, பெஞ்சு கவிழ்ந்தது. மூச்சு வாங்கியது, வேட்டியெல்லாம் சாம்பார்.

"என்ன இவ்வளவு சத்தம்? கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா உட்காருங்க" என்றார் அம்மாள்.

தாணுலிங்கத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. குருவாவது ஒன்றாவது!

"ஈர்க்குமாத்துல ஒரு ஈர்க்கு இல்லாம உருவிப் போட்டது நீங்க. வேற வழியில்லாமத்தானே கையால வாரிக்கிட்டுக் கெடக்கேன்? அதையும் நிறுத்துன்னா இந்தக் குப்பையெல்லாம் எங்கம்மா போகும்?"

அம்மாள் அவர் மடியில் இருந்த பாட்டிலை விரலால் காட்டினார். தாணுலிங்கம் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த எச்சில் இலையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

அப்போது பின்கட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள். தண்ணீர்ச் செம்பு உருண்டு கிடந்தது. ஆவுடை சுவரோடு ஒண்டி உட்கார்ந்து, பாவாடையை வாயில் திணித்திருந்தாள். முகம் நீலம் பாரித்துக் கண் பிதுங்கியிருந்தது. அப்பாவைக் கண்டதும் இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டாள்.

தாணுலிங்கம் பாய்ந்து போய்த் துணியைப் பிடுங்கினார். மகளை மடியில் முன்பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.

"இருமு தாயி. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்லா இருமு."

அவள் இருமினாள். மடமே அதிர்கிற மாதிரி இருமினாள். கயிறு கயிறாகச் சளி வந்தது. பிறகு கூவி ஒரு மூச்சு இழுத்தாள். முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது. அடுத்த இருமல் தொடங்கியது.

வாசலில் இசக்கியப்பன் வந்து நின்றார். மடத்தில் மூத்த சீடர். பந்தி முடிந்து எவ்வளவு நேரமாகிறது, இன்னும் மணி அடிக்கவில்லை, இந்தச் சத்தத்துக்கு ஒரு முடிவே கிடையாதா என்று எரிந்து விழுந்தார். தாணுலிங்கம் நிமிரவில்லை. மகளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தபடியே இருந்தார்.

அம்மாள் சொன்னார்:

"பிள்ளை நெஞ்சுக்குள்ளே கூட்டிக்கிட்டிருக்கா. முடியட்டும், மணி அடிக்கலாம்."