ஒரு நாழிகைக்கு எழுபது வயது

அந்தக் காலத்திலே நெற்குன்ற நாட்டை மாறவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் எடுப்பார் கைப்பிள்ளை. கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் சட்டம்!

அவன் அரண்மனைக்கு முப்பது கருங்கல் படிகள். மனு கொடுக்க வருகிறவர்கள் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டுதான் ஏறவேண்டும். கோல் அரசனுக்கு மட்டுமே உரியதாம். அதனால் ஊன்றுகோலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போதாததற்குச் சபை கூடும் நேரம் பார்த்துப் படிகளைக் கழுவிவிடுவார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும்? வாரத்துக்கு இரண்டு பெரியவர்களாவது விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார்கள்.

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த தளவாய் உக்கிரசேனன் ஒருநாள், "பிரபு, வயதானால் விழத்தான் செய்வார்கள். அறுபது தாண்டியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாதென்று உத்தரவு போடுங்கள்" என்றான். மந்திரி அம்பலத்தரையருக்கு எழுபது வயது.

"பலே! நல்ல யோசனை" என்றான் ராஜா.

அரையருக்கு ஆத்திரம் வந்தது. ஊர்ப் பெரியவர்களை எல்லாம் உயிரோடு பூட்டி வைப்பதா! ஆனாலும் சிரித்துக்கொண்டே, "அப்படியே ஆகட்டும் பிரபு. அதற்குமுன் என் எழுபது வயதைத் தளவாய்க்கு ஒரு நாழிகை இரவல் தருகிறேன். தாங்குவாரா?" என்றார்.

"மலையையே தாங்குவேன்!" என்று மீசையை முறுக்கினான் தளவாய்.

சபையே படியடிக்கு வந்தது. அரையர் தளவாயின் கண்ணில் மெல்லிய துணியைக் கட்டினார். "இது கண்புரை." முழங்கால்களில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கினார். "இது மூட்டுவலி. இனி கும்பிட்டபடி ஏறுங்கள்."

மூன்றாம் படியிலேயே தொப்பென்று விழுந்தான் தளவாய். சபை கொல்லென்று சிரித்தது.

"பார்த்தீர்களா பிரபு, வயதுதான் காரணம்!" என்று கீழே கிடந்தபடியே கத்தினான்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் அரையர். படிகளை ஈரம் போகத் துடைக்கச் சொன்னார். விளிம்புகளில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓரமாகக் கயிறு கட்டி, தளவாய் கையில் ஒரு கோலையும் கொடுத்தார். கண்துணியையும் பத்தையையும் அவிழ்க்கவே இல்லை. தளவாய் தட்டித் தட்டி முப்பது படியும் ஏறிவிட்டான்.

"அதே எழுபது வயதுதான் பிரபு. இப்போது மட்டும் ஏன் விழவில்லை?"

ராஜாவின் முகம் சிறுத்துப்போயிற்று. "இத்தனை பேரைத் தள்ளிவிட்டது நான்தானா ஐயா!" என்று சொல்லித் தன் முத்துமாலையைக் கழற்றி அரையர் கழுத்தில் போட்டான்.

தளவாய்க்கோ, படியோரம் நின்று பெரியவர்களுக்குக் கை கொடுக்கும் வேலை. மறுநாள் முதலில் வந்தவள் எண்பது வயது எண்ணெய்க்காரி பேச்சாயி. அவன் நீட்டிய கையைப் பார்த்தாள், வீங்கிய முழங்காலையும் பார்த்தாள்.

"நீ முதல்ல கயித்தைப் புடிச்சுக்க ராசா" என்றாள். "விழுந்துட்டா வீட்டுக்குள்ளேயே பூட்டிப்புடுவாங்களாம்!"