விழுந்து கும்பிட்ட டிரில் மாஸ்டர்

கொல்லிமலை அடிவாரத்து மடத்தில் செங்கோட்டுவேலு வாத்தியாரைப் போல விழுந்து கும்பிட்டவர் யாருமில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். விழுந்தது உண்மை. கும்பிட்டதும் உண்மை. அதற்கப்புறம் அவரால் எழ முடியவில்லை என்பதுதான் பாதிப் பேருக்குத் தெரியாது.

அன்று அமாவாசை. பூசை முடிந்து, நல்லமுத்துச் சாமியிடம் திருநீறு வாங்க வரிசை நின்றது. அந்த மடத்தில் ஆண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்த பிறகுதான் திருநீறு. சாமிக்குச் செங்கோட்டுவேலுவை விடப் பத்து வயது குறைவு. அதனால் என்ன, அவர் குரு, இவர் சீடர். டிரில் மாஸ்டராக இருந்தவருக்கு ஒழுங்கு முக்கியம். விழுந்தார்.

விழும்போதே தெரிந்துவிட்டது. தொடை பிடி கொடுக்கவில்லை. கையை ஊன்றிப் பார்த்தார், தோளும் வரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே விசில் சத்தத்தில் நிற்க வைத்த மனிதர், சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, யாராவது கவனித்துவிடுவார்களோ என்று கூனிக் குறுகிக் கிடந்தார்.

"என்ன பக்தி பாருங்க," என்றார் பின்னால் நின்றவர்.

"அப்படியே உருகிட்டாருங்க," என்றார் அவருக்கும் பின்னால் நின்றவர்.

சாமி குனிந்து பார்த்தார். விரல்கள் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. திருநீற்றுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு இறங்கி வந்து, அவருக்கு எதிரே தானும் குப்புறப் படுத்துக்கொண்டார்.

வரிசைக்கு ஒன்றும் புரியவில்லை. சாமியே விழுந்து கிடக்கும்போது நாம் நிற்பதா? ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் விழுந்தார்கள். கூடம் முழுக்க முதுகுகளாகக் கிடந்தது.

"எந்திரிக்க முடியலீங்களா வாத்தியாரே?" சாமி மெதுவாகக் கேட்டார்.

"முடியலீங்க சாமி."

"தூக்கச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்க. எனக்கொரு பதில் வேணும். அது தெரியாம நான் எந்திரிக்கறதா இல்லீங்க."

"தெரிஞ்சாலும் நீங்களா எந்திரிக்க முடியாதுங்களே," என்றார் சாமி.

செங்கோட்டுவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. இப்போதெல்லாம் சிரித்தால் புரையேறும். அடக்கிக்கொண்டார்.

சாமி தலையை மட்டும் தூக்கி, "எல்லாரும் எந்திரிச்சுப் பந்திக்குப் போங்க, சோறு ஆறுது," என்றார். கூட்டம் எழுந்து போனது. வாத்தியாரின் சம்சாரம் பாவாயி மட்டும் போகவில்லை. மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"இவரு ஒரு வாரமா மாத்திரையைத் தொடறதில்லீங்க சாமி," என்றாள். "சோத்தைக் கஞ்சியாக் கரைச்சுக் குடுத்தாலும் தொண்டையில நிக்குது. நடுவுல நிறுத்தவே கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"ஏனுங்க வாத்தியாரே?"

"இது எதனால வந்துச்சுன்னு சாமி வாயால கேக்கோணும். அப்புறம்தான் மாத்திரை போடறதா வேண்டாமாங்கறது."

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் படியில் ஏறக் கால் வரவில்லை. பிறகு தலை சீவக் கை எழும்பவில்லை, பாவாயிதான் சீவிவிட்டாள். கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா தொடையில் துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டு, உடம்பைக் காவல் காக்கிற அணுக்களே ஆள் தெரியாமல் சொந்தச் சதையை அடிக்கின்றன என்றார். லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோயாம். ஏன் வந்தது என்று கேட்டபோது அவர் பூசி மெழுகவில்லை. பிறவி வாகு கொஞ்சம் இருக்கலாம், ஏதோ ஒரு காய்ச்சல் கிளப்பிவிட்டிருக்கலாம், சிலருக்குச் சில மருந்துகளால் வரும், சிலருக்கு உள்ளே ஒளிந்திருக்கிற புற்றுநோயால் வரும். அதையும் தேடிப் பார்த்தாகிவிட்டது, இல்லை. உங்களுக்கு எதனால் என்று எனக்குத் தெரியாது என்றார்.

டாக்டருக்குத் தெரியாதது ஊருக்குத் தெரிந்திருந்தது. பிராய்லர் கோழி என்றார்கள். குலதெய்வத்துக்குக் கடா வெட்டாமல் விட்டது என்றார்கள். வாசலை இடம் மாற்றி வைத்ததுதான் என்றான் மச்சினன். ஆளுக்கொன்று சொல்லிக் காப்பியும் குடித்துவிட்டுப் போனார்கள். செங்கோட்டுவேலு எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரிடம் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது.

"இது பசங்க சாபமுங்க சாமி," என்றார். "வேலையில சேர்ந்த நாள்ல இருந்து பசங்களைத் தோப்புக்கரணம் போட வெச்சிருக்கறன். லேட்டா வந்தாத் தோப்புக்கரணம், சிரிச்சாத் தோப்புக்கரணம். உச்சி வெயில்ல. அழுதாலும் விட்டதில்லீங்க. அதுங்க தொடையை நோகடிச்சேன், என் தொடையே போச்சு. கணக்குச் சரியா வருதில்லீங்களா?"

செங்கோட்டுவேலு மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"இது தண்டனைன்னா மாத்திரை போட்டுத் தப்பிக்கறது நாயமில்லீங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அனுபவிச்சுட்டுப் போயிர்றேன்."

பாவாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பசங்களை அழ வெச்சது தப்புதானுங்க," என்றார் சாமி.

செங்கோட்டுவேலு கண்ணை மூடிக்கொண்டார்.

"அதை அந்தப் பசங்களைத் தேடிப் போய்ச் சொல்லுங்க. தொடைகிட்டச் சொன்னா அதுக்கென்ன தெரியும்?"

"அப்ப இந்த நோவு?"

சாமி கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறனுங்க. காலைப் பிரேயர்ல, வரிசையில எவனோ ஊளை விட்டுட்டான். யாருன்னு தெரியலை. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மொத்த வரிசையையும் தோப்புக்கரணம் போடச் சொல்லுவனுங்க."

"எது வரைக்கும்?"

"எவனாச்சும் ஒத்துக்கற வரைக்கும்."

"ஒத்துக்குவாங்களா?"

"எப்பவும் ஒருத்தன் ஒத்துக்குவானுங்க. நான்தான் சார்னு கையைத் தூக்குவான்."

"ஊளை விட்டவன் அவன்தானுங்களா?"

பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள். வாத்தியாருக்குக் கை தூக்கிய பையன்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவில் வந்தது. அவருக்கு இது தெரியாத சங்கதி அல்ல. தெரிந்தேதான் அந்தப் பையனை நாலு சாத்துச் சாத்திவிட்டு, விஷயம் முடிந்ததென்று மற்றவர்களை வகுப்புக்கு அனுப்பினார். கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை வரவில்லை. பாவாயி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இல்லீங்க சாமி," என்றார். "எவனுக்குக் கால் ரொம்ப நோகுதோ, அவன் தூக்குவான்."

சாமி எழுந்து உட்கார்ந்தார். பாவாயி பக்கம் திரும்பினார்.

"அம்மா, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, விட்டுப்போன மாத்திரையை எப்படித் திரும்ப ஆரம்பிக்கறதுன்னு கேளுங்க. இங்க ஒருத்தர் கால் நோவு தாங்காம, நான்தான்னு கையைத் தூக்கிட்டிருக்கறாரு."