நிமிஷத்துக்கு ஐயாயிரம் ரவை

மாப்பிள்ளை வீட்டார் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது என்று தெரிந்ததும், செங்கமலம் கணவரைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

“இங்க பாருங்க. இன்னிக்கு உங்க வாய் ரெண்டு தடவதான் திறக்கணும். ‘வாங்க’ன்னு சொல்ல ஒண்ணு. ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்ல ஒண்ணு.”

“நடுவுல காப்பி குடிக்க?” என்றார் கலியபெருமாள்.

“உறிஞ்சினாப் போதும்.”

அவர் பரிதாபமாகத் தலையாட்டினார். கையில் இன்னும் கரண்டி இருந்தது. அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கிய கேசரி, விடியற்கால வானத்தின் நிறத்தில் உருளியில் தளதளத்துக்கொண்டிருந்தது.

கலியபெருமாள் கடற்படையில் பதினைந்து வருஷம் சமையல்காரராக இருந்தவர். ஆனால் கடலூர் முதுநகரில் அவருக்குப் பெயர் பீரங்கிக்காரர். அந்தப் பெயரை அவரே வைத்து அவரே பரப்பியிருந்தார். கப்பலின் சமையலறை மேல்தளத்துக்கு மூன்று மாடி கீழே. அதற்கு ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே பீரங்கி முழங்கும்போதெல்லாம் இங்கே தட்டும் தம்ளரும் குலுங்கும். அந்தக் குலுக்கலை வைத்துக்கொண்டே மேலே என்ன நடக்கிறது என்று அவர் கற்பனை செய்துகொள்வார். பதினைந்து வருஷம் கடலில் இருந்துவிட்டுக் கடலைப் பார்க்காமல் வந்த மனுஷன், வேறு என்னதான் செய்வார் என்று செங்கமலத்துக்குச் சில சமயம் தோன்றும். ஆனால் அந்த இரக்கம் மகளின் கல்யாணப் பேச்சு வந்ததும் பறந்துவிட்டது.

முதலில் வந்த சம்பந்தத்தில், தன் பீரங்கிக் குண்டு குறி தப்பி நிலாவில் விழுந்து பள்ளமானதைச் சொன்னார். அவர்கள் போனவர்கள்தான். இரண்டாவது சம்பந்தத்தில், அந்தப் பள்ளத்தைக் காட்டுகிறேன் என்று மாப்பிள்ளையின் தாத்தாவை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்விட்டார். பெரியவர் முழங்கால் வலிக்காரர்.

இந்த மூன்றாவது, யாழினி தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. பரணிதரனும் அவளும் சென்னையில் ஒரே அலுவலகம். எல்லாருக்கும் சம்மதம். பரணிதரனின் அத்தை தனபாக்கியம் மட்டும் பாக்கி. வேலூர்ப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தாயில்லாத பையனை வளர்த்தவள். அவள் தலையசைத்தால்தான் கல்யாணம்.

“அத்தைக்குப் புளுகு மட்டும் ஆகாதாம்மா” என்று யாழினி நேற்றிலிருந்து நாலு முறை சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் கண் அப்பாவைப் பார்த்தது.

வந்தார்கள். பரணிதரன், அவன் அப்பா ஏகாம்பரம், அத்தை தனபாக்கியம். ஏகாம்பரத்தின் மீசை அவரைவிட இரண்டடி முன்னால் நுழைந்தது. டீச்சரம்மாவின் மூக்குக்கண்ணாடி அறையிலிருந்த எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டது. கலியபெருமாள் “வாங்க” என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. டீச்சரம்மா ஒரு ஸ்பூன் கேசரி எடுத்து வாயில் வைத்தாள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண் தானாக மூடிக்கொண்டது.

“யாரு செஞ்சது?”

“எல்லாம் யாழினி கைப்பக்குவம்தான்” என்றாள் செங்கமலம்.

இதைப் புளுகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெண் பார்க்கும் வீட்டில் கேசரிக்கு ஏலக்காய் எப்படியோ அப்படி இந்த வார்த்தை. யாழினி வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும் என்பது வேறு விஷயம். கலியபெருமாளின் தாடை மட்டும் ஒருமுறை துடித்தது.

எல்லாம் நன்றாகவே போயிருக்கும், ஏகாம்பரம் மீசையைத் தடவாமல் இருந்திருந்தால்.

“நான் மிலிட்டரியில டேங்க் ரெஜிமென்ட் சார். கவச வண்டி. மேல முப்பது மில்லிமீட்டர் பீரங்கி. பழைய காலத்து மாதிரி ஒரு குண்டு போட்டு, வெடிச்சு, துடைச்சு, மறுபடி போடுறதெல்லாம் இல்ல. விசையத் தொட்டா அதுவே ரவைய இழுத்து இழுத்துச் சுட்டுக்கிட்டே போகும். நிமிஷத்துக்கு ஐந்நூறு ரவை!”

கலியபெருமாள் காப்பியை உறிஞ்சினார். ரொம்ப நேரம் உறிஞ்சினார். செங்கமலம் கண்ணாலேயே கெஞ்சினாள்.

“ஐந்நூறா?” என்று தம்ளருக்குள்ளிருந்து குரல் வந்தது. “அப்ப மிச்ச நேரமெல்லாம் என்ன சார் பண்ணும்? தூங்குமா?”

போயிற்று.

“எங்க கப்பல்ல ஆறு குழல் பீரங்கி. ஆறும் ராட்டினம் மாதிரி சுத்தும். நிமிஷத்துக்கு ஐயாயிரம் ரவை. டும் டும்னு சத்தமே கேக்காது. கோடிச் சேலையக் கிழிக்கிற மாதிரி ட்ர்ர்ர்ருனு ஒரே சத்தம். என்னடா கிழிஞ்சுதுன்னு திரும்பிப் பாத்தா, எதிரி கப்பல் இருக்காது.”

டீச்சரம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள். “ஐயாயிரத்த அறுபதால வகுத்தா நொடிக்கு எண்பத்து மூணு. மிச்சம் இருபது. அந்த இருபது எங்க போச்சு?”

“அது கொசுறு டீச்சரம்மா.”

பரணிதரன் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே இருமினான். யாழினி தரையைப் பார்த்தாள்.

ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. “வேகம் என்ன சார் வேகம், குறி வேணும். எங்க பீரங்கிக்கு ரெண்டு பக்கம் ரவை கோத்த ரெண்டு பட்டை. ஒண்ணுல இரும்பத் துளைக்கிற ரவை. இன்னொண்ணுல வெடிச்சுச் சிதறுற ரவை. சுடும்போதே மாத்திக்கலாம். ராஜஸ்தான் பாலைவனத்துல எங்க மேஜர், ‘ஏகாம்பரம், அந்த ஒட்டகத்துக்கு முடி ரொம்ப வளந்திருக்கு, பாவம், வெய்யிலு’ன்னாரு. மூணு கிலோமீட்டர் தூரம். ஒரு பட்டையில முடி வெட்டினேன். இன்னொரு பட்டையில ஷேவிங். ஒட்டகம் திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு. மீசைய மட்டும் விட்டுட்டேன்.”

“ஒட்டகத்துக்கு ஏதுடா மீசை?” என்றாள் டீச்சரம்மா.

“இருந்துச்சுக்கா. நான்தான் விட்டேனே.”

“குறி பத்திப் பேசுறீங்களா?” கலியபெருமாள் நாற்காலியை முன்னால் இழுத்தார். “எங்க பீரங்கிக்கு ரேடார் கண்ணு. யாரும் குறி பாக்க வேணாம், அதுவே பாத்துக்கும். ஐப்பசி மாசம், வங்காள விரிகுடா. மேல்தளத்துல வத்தல் காயப் போட்டிருக்கு. மழ புடிச்சுக்கிச்சு. கேப்டன் ‘சுடு’ன்னாரு. ஒவ்வொரு துளியா சுட்டோம் பாருங்க! சுத்தி எட்டு மைல் அடைமழை. கப்பலுக்கு மேல மட்டும் சுள்ளுனு வெய்யிலு. வத்தல் கலகலன்னு காஞ்சுது.”

“போர்க்கப்பல்ல வத்தல் எதுக்கு?”

“மோர்க்குழம்புக்கு, டீச்சரம்மா.”

செங்கமலம் அவர் தோளில் கை வைத்து அழுத்தினாள். பொங்குகிற பாலின் மேல் கை வைத்தது போலத்தான்.

ஏகாம்பரம் தொடையைத் தட்டினார். “எங்க ரவைக்குப் பேச்சு புரியும் சார்! குழல விட்டுக் கிளம்பும்போதே அது காதுல சொல்லி அனுப்புறோம். ‘செவுத்துல முட்டாதே, தாண்டிப் போ, தாண்டினதும் வெடி’ன்னு. நான் ஒரு தடவ, ‘செவுத்தத் தாண்டி ரெண்டாவது வேப்பமரத்துல இடது பக்கம் திரும்பு’ன்னு சொல்லி விட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பி வந்து நிக்குது. ஏன்னா, அங்க இருந்தது புங்கமரம்.”

“ஏகாம்பரம்” என்றாள் டீச்சரம்மா, வகுப்பில் பெயர் கூப்பிடும் குரலில். “நீ டேங்க் ஓட்டினது உண்மைதான். அது தண்ணி டேங்க்குங்கிறதையும் சொல்லிடு. ரெஜிமென்ட்டுக்குக் குளிக்கத் தண்ணி கொண்டுபோன லாரி.”

மீசை அப்படியே கீழே இறங்கியது. அந்த நேரத்தில் கலியபெருமாள் நிறுத்தியிருக்கலாம். எதிராளி விழுந்துவிட்டான், களம் காலி. ஆனால் காலிக் களத்தைப் பார்த்தால் அவருக்கு நடனம் வரும்.

“தண்ணி இருந்தா எங்களுக்கும் உதவியிருக்கும் சார்” என்று அவர் ஏகாம்பரத்தை அன்போடு பார்த்தார். “ஏன்னா குழல் ஆறும் சிவந்துபோச்சு. அந்தச் சூட்ட வீணாக்கலாமா? மாவக் கொண்டாங்கன்னேன். சுத்துற குழல் மேல மாவ ஊத்த ஊத்த, தோசை! நிமிஷத்துக்கு முந்நூறு.”

“உருண்ட குழல் மேல ஊத்தினா மாவு வழியாதா?”

“வழியறதுக்கு அதுக்கு நேரம் எங்க டீச்சரம்மா? வெந்துடுதே! வெந்தது சுத்துற வேகத்துல பறந்து போய் நேரா அவனவன் தட்டுல விழும். அட்மிரல் மட்டும் ரெண்டு மைல் தள்ளி வேற கப்பல்ல இருந்தாரு. அவருக்கு நெய் ரோஸ்ட், கொஞ்சம் தூக்கிக் குறி வச்சேன்.”

பரணிதரன் இப்போது வெளிப்படையாகச் சிரித்துக்கொண்டிருந்தான். டீச்சரம்மா சிரிக்கவில்லை. ஆனால் அவள் உதடு ஏதோ ஒரு கணக்கோடு போராடிக்கொண்டிருந்தது.

“அதெல்லாம் சும்மா. பெரிய சண்டை ஒத்திகை ஒண்ணு வந்துச்சு பாருங்க!” கலியபெருமாள் எழுந்தே நின்றுவிட்டார். “எதிர்ல ஏவுகணை மாதிரி ஒண்ணு கடலத் தடவிக்கிட்டு வருது. பீரங்கி ட்ர்ர்ர்ருனு சுடுது. திடீர்னு கப்சிப். சுடுறவன் நம்ம ராமநாதபுரத்துப் பையன். மேலேயிருந்து கத்துறான், ‘அண்ணே, ரவை தீந்துபோச்சு! ரவை குடுங்க!’ விடுவேனா? ரெண்டு மூட்ட ரவையத் தோள்ல போட்டுக்கிட்டு மூணு மாடி ஏறி, பட்டையில கொட்டினேன். அப்புறந்தான் பாக்கிறேன், அது உப்புமா ரவை!”

“ஐயோ” என்றாள் யாழினி, தன்னை மறந்து.

“சுட்டுச்சு கண்ணு! சிவந்த குழல்ல ரவை பொன்னிறமா வறுபட்டுப் பறக்குது. கீழ கடல் கொதிக்குது, உப்பு ஏற்கெனவே இருக்கு. நாலு மைலுக்கு உப்புமா! வந்த ஏவுகணை அதுல சொருகி நின்னுபோச்சு, வெடிக்கக்கூட முடியல. மறுநாள் கரையில மீனெல்லாம் சட்னி கேட்டு வரிசையில நின்னுச்சு!”

அறையே அதிரும்படி ஏகாம்பரமும் பரணிதரனும் கைதட்டினார்கள். டீச்சரம்மா கையை உயர்த்தினாள். கைதட்டல் நின்றது.

“பீரங்கி சுடுறவர்னா உங்க கையில பீரங்கி ரவைதானே இருக்கணும்? உப்புமா ரவை மூட்டை உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

யாழினியின் விரல்கள் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிவிட்டன.

“அக்கா, புரியலையா?” ஏகாம்பரத்தின் மீசை மெல்ல மேலே ஏறியது. “சார் சமையக்கட்டு! அதான் வத்தல், தோசை, உப்புமா. அட, நானாவது வண்டி ஓட்டினேன். ரவை கிண்டுறது ஒரு வேலையா? எவன் வேணாக் கிண்டுவான்.”

அது மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. நிலாப் பள்ளத்தைக் கேலி செய்தவர்களையெல்லாம் மன்னித்த மனிதர் கலியபெருமாள். இப்போது அவர் முகம் செக்கச் செவேலென்று, ஆறாவது குழல் போல ஆகிவிட்டது.

“எவன் வேணாலுமா? புயல்ல கப்பல் இப்படிச் சாயும், அப்படிச் சாயும். உருளி ஒரு பக்கம் ஓடும். முந்நூறு பேருக்கு ஒரு கட்டி விழாம கிண்டிக் காட்டச் சொல்லுங்க பாப்போம்! நெய்யில ரவை எப்ப பூக்குதுன்னு மூக்கு சொல்லணும் சார். தண்ணி எப்ப ஊத்தணும்னு காது சொல்லணும். இதோ, இந்தத் தட்டுல இருக்கே கேசரி, இது நான் கிண்டினது! இந்தக் கையால! காலையில ஆறு மணிக்கு!”

செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் ஒரு சிறு கொக்கரிப்புப் போலக் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, மழைத்துளியச் சுட்டீங்க, சரின்னு விட்டேன். அட்மிரலுக்கு நெய் ரோஸ்ட், அதையும் விட்டேன். மீனுக்குச் சட்னிகூடச் சேத்துக்கிட்டேன். ஆனா பெத்த பொண்ணோட கைப்பக்குவத்தையே திருடுறீங்களே, இது அடுக்குமா? ஆம்பள செஞ்ச கேசரி இப்படி இருக்குமா? இந்த ஒரு புளுக மட்டும் என்னால நம்ப முடியாது.”

“நிஜமா நான்தான் டீச்சரம்மா! செங்கமலம், நீ சொல்லு!”

செங்கமலம் மகளைப் பார்த்தாள். பிறகு விட்டத்தைப் பார்த்தாள். “அவரு அப்படித்தாங்க” என்றாள்.

டீச்சரம்மா யாழினியை அருகில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். “புளுகு எனக்கு ஆகாதுதான். முப்பது வருஷமா இவன் ஒட்டகத்த என் ஒருத்தி காதுதான் கேட்டுக்கிட்டிருக்கு. இனிமே அதக் கேக்க ஒரு சம்பந்தி இருப்பாரு. எனக்கு அந்த நிம்மதி போதும். தை மாசத்துல முகூர்த்தம் பாருங்க. ஒண்ணே ஒண்ணு, எங்க வீட்டுக்கு வந்த மொத நாள் இவ கையால இதே கேசரி வேணும். ரவை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, இதே மாதிரி.”

கிளம்பும்போது ஏகாம்பரம் கலியபெருமாளின் கையை விடவேயில்லை. “சம்பந்தி, அந்த ஏவுகணைய அப்புறம் என்ன பண்ணீங்க?” என்று கார் கதவு மூடும்வரை கேட்டுக்கொண்டே போனார்.

கார் மறைந்ததும் கலியபெருமாள் வாசலிலேயே நின்றார். “பாத்தியா செங்கமலம், பீரங்கிய நம்புறாங்க. கேசரிய நம்ப மாட்டேங்கிறாங்க. ஆயுசுல ஒரே ஒரு உண்மை சொன்னேன்.”

“சொன்னீங்கல்ல, அனுபவிங்க” என்று செங்கமலம் கரண்டியை அவர் கையில் திணித்தாள். “தை மாசத்துக்குள்ள உங்க பொண்ணுக்கு அடுப்புப் பத்தவைக்கக் கத்துக்குடுங்க. உள்ள போங்க, அவ உருளியத் துடைப்பத்தால தேய்ச்சுக்கிட்டிருக்கா.”