ஸ்டாண்டு போட்டால் பூமி தாங்காது

பூங்கோதையின் சைக்கிள் போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது தடவையாக விழுந்தது. முதல் இரண்டு தடவையும் வெறும் சைக்கிள்தான் விழுந்தது. இந்தத் தடவை கேரியரில் ஐஸ் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் கோமாரித் தடுப்பூசி மருந்து இருந்தது. சாய்த்து வைக்க ஒரு மரமோ சுவரோ இல்லாத வெட்டவெளித் தோட்டம். சோளத்தட்டுப் போரில் சாய்த்துவிட்டு அவள் மாடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். போர் சரிந்தது, கூடவே சைக்கிளும் சரிந்தது, மருந்துப் புட்டிகள் கல்லில் பட்டுச் சில்லுச் சில்லாகிவிட்டன.

அன்றைக்கு முப்பது மாடுகள் ஊசி இல்லாமல் திரும்பிப் போயின. வரிசையில் கடைசியாக நின்ற வெள்ளியம்மாள் தன் ஒற்றைப் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எம்பட மாட்டுக்கு இல்லீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டாள். பூங்கோதை டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர். ஆனால் நத்தக்காட்டுப்பாளையத்தில் ஊசி போடுகிறவர் எல்லாரும் டாக்டர்தான். அந்தக் கேள்வி வீடு வரைக்கும் அவள் கூடவே வந்தது.

தோட்டத்து வரப்பில் ஸ்கூட்டி போகாது என்பதால்தான் சைக்கிளே வாங்கினாள். கோயமுத்தூர் போய், நாலு கடை ஏறி இறங்கி, கத்தரிப்பூ நிறத்தில் கியர் வைத்த சைக்கிளாகப் பார்த்து எடுத்தாள். முப்பத்தெட்டு வயதில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் அது. கடைக்காரர் அப்போதே சொல்லியிருந்தார். "இதுக்கெல்லாம் ஸ்டாண்டு வராதுங்க மேடம். குழாய் மெலிசு. இரும்புக் கிளாம்பு போட்டு இறுக்கினா நசுங்கிப் போயிரும். அழகும் போயிரும்."

ஸ்டாண்டு போட்டால் சைக்கிள் கெடும், போடாவிட்டால் மருந்து கெடும். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே வெட்டவெளியில் பெரிய முகாம் இருந்தது. அதனால் அதற்கு முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆறுச்சாமியின் சைக்கிள் கடைக்குப் போய் நின்றாள்.

"சைடு ஸ்டாண்டு போடலாங்களா, வேண்டாங்களா?"

ஆறுச்சாமி ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒரு பஞ்சர் ஒட்டிவிடலாம். அவர் குனிந்து குழாயை விரலால் தட்டிப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார். அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து திறந்துவிட்டார்.

நாச்சிமுத்து தேங்காய் வியாபாரி. அவர் எண்ணிச் சொல்கிற தேங்காய்க் கணக்கு ஒருநாளும் தப்பாது. மற்ற எல்லாக் கணக்கும் தப்பும். ஒரு பாம்பைப் பார்த்தேன் என்று அவர் சொன்னால் ஊர்க்காரர்கள் மனசுக்குள் வாலில் பாதியும் தலையில் பாதியும் வெட்டிவிட்டு, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார்கள்.

"வேண்டவே வேண்டாம் டாக்டரம்மா!" என்றார் அவர். "ஸ்டாண்டு போட்டு நான் பட்ட பாடு என் எதிராளிக்கும் வரக்கூடாது."

"என்னுங்கண்ணா ஆச்சு?" என்று பூங்கோதை கேட்டுவிட்டாள். அவள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

பக்கத்தில் தன் சைக்கிளின் பஞ்சருக்காகக் காத்திருந்த பால் சொசைட்டி காளியப்பன், "கேட்டுட்டீங்களா? இனி மத்தியானச் சோத்துக்குத்தான் எந்திரிக்க முடியும்" என்றார்.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. புதுச் சைக்கிளு. சைடு ஸ்டாண்டுன்னா சாதாரண ஸ்டாண்டு இல்லீங்க, லாரிப் பட்டையில அடிச்சது. ஆனி மாசக் காத்து. நம்மூர்க் காத்து தெரியுமில்ல? அந்த வருசம் காத்து நொம்ப எச்சு. மரத்துலிருந்து உழுவற தேங்கா கீழ உழுகாது, பக்கவாட்டுல போவும். என் தோப்புல உழுந்த காயை மடத்துக்குளத்துல பொறுக்கிட்டு இருந்தாங்க. நான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு எறங்கறேன், அப்படியே என்னைத் தூக்குது காத்து. ஹேண்டில்பாரைப் புடிச்சேன். என் காலை எங்க பண்ணையத்து மாரப்பன் புடிச்சான். அவன் காலைத் தபால்காரர் புடிச்சாரு. இப்படியே பதினோரு பேரு. கொடியில போட்ட வேட்டியாட்டம் அந்தரத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டுக் கெடக்கறோம். சைக்கிளு? அசையலை!"

"போன மாசம் சொன்னப்ப ஏழு பேருதானுங்க" என்றார் காளியப்பன்.

"நீ போன மாசம் கேக்கறப்ப மிச்சம் நாலு பேரு கீழ எறங்கியிருக்கலை."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளியம்மாள் கேள்வி கேட்ட நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆறுச்சாமி மட்டும் சிரிக்காமல், உள்ளே போய் ஒரு ஸ்டாண்டை எடுத்து வந்து குழாயோடு வைத்து அளவு பார்த்தார்.

"சிரிக்காதீங்க டாக்டரம்மா, பொறகு நடந்ததைக் கேளுங்க. காத்து சைக்கிளைத் தூக்கப் பாக்குது, ஸ்டாண்டு உடமாட்டீங்குது. ரெண்டுக்கும் நடுவுல சக்கரம் ரெண்டும் தரையை உட்டு எந்திரிச்சிருச்சு. எந்திரிச்சதும் காத்துல சுத்த ஆரம்பிச்சுது பாருங்க! டைனமோவு வேற மாட்டி வச்சிருந்தேனா, முன்னால லைட்டு எரியுது. பட்டப்பகல்லீங்க. அந்த வெளிச்சத்துல சூரியன் எங்கிருக்குதுன்னே தெரியலை. எங்க அப்பாரு பாத்துட்டு, 'ஏன்டா, இத்தனை கரண்டை வீணாக்கறே'ன்னு வையறாரு. ஒயரை இழுத்து மோட்டாருக்குக் குடுத்தோம். மோட்டாரு மூணு நாள் ஓடுச்சு. கெணறு வத்திப் போச்சு. அப்பறமும் மோட்டாரு நிக்கலை. பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துத் தண்ணியெல்லாம் பூமிக்கடியில எங்க கெணத்துக்கு ஓடியாருது!"

"அதைப் பாத்துத்தான் இங்க காத்தாடி நட்டாங்களோ?" என்றார் காளியப்பன், தெற்கே மலையடிவாரத்தில் சுற்றுகிற காற்றாலைகளைக் காட்டி.

"பொறகென்ன? கோட்டு சூட்டு போட்டுட்டு ஏழு பேரு வந்தாங்க. என் சைக்கிளைச் சுத்திச் சுத்திப் படம் வரைஞ்சாங்க. ரெக்கை மூணு போதும்னு நாந்தான் சொன்னேன். அவிய நாலு கேட்டாங்க."

"சரிங்கண்ணா" என்றாள் பூங்கோதை. "இத்தனையும் நல்லதாத்தானே இருக்குது? பதினோரு பேரைக் காப்பாத்தியிருக்குது, கரண்டு குடுத்திருக்குது. அப்பறம் ஏன் ஸ்டாண்டு வேண்டாங்கறீங்க?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அவளுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்குள் மாட்டாஸ்பத்திரிக்குப் போய் நாளைக்கு வேண்டிய மருந்தை எடுத்து வைக்க வேண்டும். இந்த மனிதர் வேண்டாம் என்கிறாரே, கோயமுத்தூர்க் கடைக்காரரும் அதையேதான் சொன்னார், ஒருவேளை இதற்குள் ஏதாவது அனுபவம் இருக்குமோ என்று ஒரு ஓரத்தில் அவளுக்கு எண்ணமும் ஓடியது.

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"அங்கதானுங்க வினையே. நாலாம் நாள் காத்து நின்னுது. தூக்கிட்டிருந்த சைக்கிளு தொப்புன்னு உழுந்துச்சு. உழுந்த வெசையில ஸ்டாண்டு மண்ணுல எறங்கிருச்சு. சும்மா எறங்கலை. செம்மண்ணு, சுக்காங்கல்லு, பாறை எல்லாத்தையும் பொத்துக்கிட்டு நேரா நடு பூமிக்கு எறங்கிருச்சு. நாலு ஜோடி மாடு கட்டி இழுத்தேன். வரலை. டிராக்டர் கட்டி இழுத்தேன். டிராக்டர் ரெண்டாப் போச்சு. சரி, ஏறி மிதிச்சுத்தான் பாப்பமேன்னு சீட்டுல உக்காந்து ஒரே மிதி. சைக்கிளு நவுரலை."

கொஞ்சம் நிறுத்தினார். காளியப்பனைப் பார்த்தார். பூங்கோதையைப் பார்த்தார்.

"பூமி நவுந்துச்சு."

"அடேங்கப்பா!" என்றார் காளியப்பன்.

"சத்தியமுங்க. நான் மிதிக்க மிதிக்க ரோடு என் சக்கரத்துக்கடியில வந்துட்டே இருக்குது. பழனி மலை கிட்டக்க வருது. சீட்டுல உக்காந்தபடியே முருகனைக் கும்பிட்டேன். திருநீறு பூசிக்கிட்டு இன்னும் ரெண்டு மிதி மிதிச்சேன். மதுரை வந்துச்சு. எங்க பெரிய அக்கா வீடு மதுரையில. அக்கா வாசல்ல நிக்குது. 'வாடா நாச்சிமுத்து'ங்குது. 'நான் எங்கக்கா வந்தேன், நீதான் வந்திருக்கே'ன்னேன். காப்பி குடுத்துச்சு. குடிச்சுட்டு, அதுக்குமேல மிதிச்சாக் கடலு வந்துருமேன்னு பயந்து பின்னால மிதிச்சேன். எல்லாம் திரும்பிப் போச்சு. நம்மூரு வாரப்ப வெடுக்குன்னு பிரேக் அடிச்சேன். அங்கதான் ஒரு சின்னத் தப்புப் பண்ணிப்போட்டேன்."

"என்ன தப்பு?"

"அரைக் கிலோமீட்டர் முன்னாலயே அடிச்சுட்டனுங்க. பூமி அப்படியே நின்னு போச்சு. ஸ்டாண்டும் கழண்டு வந்துருச்சு. இப்ப நாம உக்காந்திருக்கோமே, இது நெசத்துல நம்மூரே இல்லை. தாராபுரத்து வறண்ட பூமி. இல்லாட்டி மலையடிவாரத்துல இருந்துக்கிட்டு நமக்கு ஏன் மழையே வரமாட்டீங்குது?"

"அரைக் கிலோமீட்டர்ல தாராபுரமா?" என்றார் காளியப்பன்.

"பூமிக்கு அது அரைக் கிலோமீட்டரு. உனக்கும் எனக்கும்தான் அம்பது. அதனாலதான் சொல்றனுங்க டாக்டரம்மா. நீங்க ஒருத்தர் ஸ்டாண்டு போட்டீங்கன்னா உங்களைப் பாத்து ஊரே போடும். அத்தனை பேரும் ஒரே நாள்ல மிதிச்சா என்ன ஆவறது? பூமி தாங்காது!"

பூங்கோதை விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்க ஒரு கை போதவில்லை. இரண்டு கையையும் எடுத்துவிட்டாள்.

கத்தரிப்பூச் சைக்கிள் ஒரு நொடி யோசித்தது போல நின்றது. அப்புறம் ஆறுச்சாமி இருந்த பக்கம் சாயாமல், காளியப்பன் இருந்த பக்கம் சாயாமல், நேரே பெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. பெடல் போய் நாச்சிமுத்துவின் வலது கால் கட்டைவிரல் மேல் இறங்கியது.

"ஐயோ அம்மா! செத்தேன்!"

பூங்கோதை பதறிப்போய் சைக்கிளைத் தூக்கினாள். நகத்தோரம் ரத்தம் கசிந்தது. பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்தாள். மாட்டுக்குப் போடுகிற மருந்துதான், அதை அவள் சொல்லவில்லை. அவர் காலைத் தன் முழங்காலில் வைத்துத் துடைத்துக் கட்டுப் போட்டாள். "மன்னிச்சுக்குங்கண்ணா, மன்னிச்சுக்குங்கண்ணா" என்று அவள் சொல்லச் சொல்ல, நாச்சிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஆறுச்சாமி!"

"சொல்லுங்க."

"அந்தச் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடு. ஒரு பக்கம் பத்தாது. ரெண்டு பக்கமும் போடு."

காளியப்பன் விடவில்லை. "ஏனுங்க, அப்ப பூமி?"

"பூமி எக்கேடோ கெட்டுப் போவட்டும். காலு என்னுது!"

ஆறுச்சாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். "பழைய ட்யூப்பை வெட்டி நடுவுல வச்சு கிளாம்பு போட்டா குழாய் நசுங்காதுங்க. பின்சக்கரத்துகிட்ட போடோணும். பெட்டி பாரம் அங்கதானே இருக்குது." இதைச் சொல்லத்தான் அவர் ஒன்பது மணியிலிருந்து காத்திருந்தார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பூங்கோதை கழற்றி வைத்திருந்த காலி ஐஸ் பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுத்தாள். சைக்கிள் நின்றது. ஆட்டிப் பார்த்தாள். அப்போதும் நின்றது. குழாயைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் காலையில் வெட்டவெளியில், மரத்துக்கும் சுவருக்கும் எட்டாத இடத்தில், சைக்கிள் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. பூங்கோதை இரண்டு கையாலும் வேலை செய்தாள். அறுபத்திரண்டு உருப்படிக்கு ஊசி போட்டாயிற்று, ஒரு புட்டி உடையவில்லை. முதல் ஊசியை வெள்ளியம்மாளின் பசுவுக்குத்தான் போட்டாள். வெள்ளியம்மாள் ஒரு சொம்பு மோரை சைக்கிள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அறுபத்து மூன்றாவது, நாச்சிமுத்துவின் எருமை. கட்டுப் போட்ட காலோடு அவர் எருமையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் பத்துப் பேர்.

"என்ன கட்டுங்கறீங்களா? நேத்து டாக்டரம்மா சைக்கிளு உழுந்துச்சுங்க. என்னா எடைங்கறே! உழுந்த வெசைக்கு பூமி ரெண்டாப் பொளந்திருக்கும். நான் பாத்தேன். நம்மூர்ல புள்ளகுட்டிக இருக்குது, ஆடுமாடு இருக்குது. யோசிக்கவே இல்லை. இந்தக் கட்டைவெரலைக் குடுத்துத் தாங்கிப்போட்டேன். இன்னைக்கு நீங்க எல்லாரும் காலூனி நிக்கறீங்கன்னா, இந்தக் காலாலதான்!"

பூங்கோதை ஊசியில் மருந்தை ஏற்றியபடி நிமிராமல் சொன்னாள்.

"அந்தக் காலைச் சித்த அக்கட்ட வைங்கண்ணா. எருமை மிதிச்சுரும்."

நாச்சிமுத்து வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.