ஏசுவடியான் உட்காராத பந்தி

ஆறுதல்புரத்து அசனம் என்றால் சும்மா இல்லை. வேதக்கோயில் பண்டிகையின் கடைசி நாளில் ஊரே சேர்ந்து சாப்பிடும் விருந்து அது. அவரவர் நேர்ந்துவிட்ட ஆடும் அரிசியும் காலையிலேயே கோயில் வளாகத்துக்கு வந்துவிடும். கிடாரம் கிடாரமாகக் கறிக்குழம்பு கொதிக்கும். யார் வேண்டுமானாலும் பந்தியில் உட்காரலாம். எந்த ஊர், எந்தச் சபை என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

அந்தப் பந்தியில் இருபத்திரண்டு வருசமாக உட்காராத ஒரே ஆள் ஏசுவடியான்.

உட்காரமாட்டாரே தவிர, வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. விறகு பிளப்பதும் அவர்தான், மூட்டை வெங்காயம் உரிப்பதும் அவர்தான், குழம்பு வாளியோடு ஐந்து பந்திக்கும் ஓடுவதும் அவர்தான். எல்லாம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். ‘எவ்வளவு தாழ்மை பாருங்க!’ என்று ஊர் மெச்சும். ஊருக்கு என்ன தெரியும்?

உள்விஷயம் சபையை நடத்தும் உபதேசியார் மாசிலாமணிக்கு மட்டும் தெரியும். உபதேசியார் இருபது வருசம் சின்னவர். ஆனாலும் ஏசுவடியானுக்கு அவர்தான் குரு. அறுபது வயதில் வேதம் வாசிக்கக் கற்றுக்கொண்டதே அவரிடம்தான். போன வருசம் ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அழுது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் அசனச் சமையலுக்குத் தலைமை சற்குணம். அதுவரை அந்தக் கரண்டி ஏசுவடியான் கையில் இருந்தது. மனுசனுக்கு வயிறு எரிந்தது. சற்குணம் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு மரக்கால் உப்பைக் கிடாரத்துக்குக் கிடாரம் கொட்டிக் கிளறிவிட்டார். அன்றைக்கு ஊரே மோரும் சோறும் சாப்பிட்டது. அதற்குப் பிறகு சற்குணம் கரண்டியைத் தொடவில்லை. ‘உப்புச் சற்குணம்’ என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த வருசம் அசனத்தன்று காலை. வெங்காயம் உரித்துக்கொண்டே ஏசுவடியான் கேட்டார்.

“உபதேசியாரே, இன்னும் எத்தனை அசனத்துக்கு இப்படி ஓடினா என் பாவம் போகும்?”

“பந்தியில சொல்றேன், அண்ணாச்சி.”

நாலு பந்தி ஆனது. கடைசிப் பந்தியில் உபதேசியார் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் யாரோ உட்காரப் போனார்கள். “ஆள் வருது” என்று தடுத்துவிட்டார். எல்லா இலையிலும் சோறு விழுந்தது, குழம்பும் விழுந்தது. உபதேசியார் ஜெபம் பண்ணாமல் இலையில் கை வைக்கக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம்.

இருநூறு பேர் கண்ணை மூடினார்கள். ஜெபம் வரவில்லை. ஒவ்வொருத்தராகக் கண்ணைத் திறந்தார்கள்.

“என்ன உபதேசியாரே, ஜெபம்?”

“ஏசுவடியான் அண்ணாச்சி வந்து உக்காரட்டும்.”

அவ்வளவுதான். பந்தி கலகலத்துப்போனது.

“அண்ணே, வந்து உக்காருமே!”

“சோறு ஆறுதுவே!”

“எங்க பாட்டைக் கொஞ்சம் பாரும், புண்ணியமாப் போகும்!”

ஏசுவடியான் வாளியோடு நடுப்பந்தியில் நின்றார். உபதேசியாரைப் பார்த்தார். அவர் பக்கத்தில் ஆள் இல்லாத இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டு இலை தள்ளிச் சற்குணம் இருந்தார்.

“என்னால உக்கார முடியாது” என்றார் ஏசுவடியான். “சற்குணம், அன்னைக்கு உன் குழம்புல உப்பைக் கொட்டினது நான்தான். பொறாமைல கொட்டிட்டேன்.”

எல்லாத் தலையும் சற்குணம் பக்கம் திரும்பியது.

சற்குணம் மெதுவாக எழுந்து வந்தார். முகத்துக்கு நேரே நின்றார்.

“ஏலே, அப்போ நான் போட்ட உப்பு சரியாத்தான் இருந்திச்சா?”

“சரியா இருந்திச்சு. நான் ருசி பாத்துட்டுத்தான் கொட்டினேன். அப்படி ஒரு குழம்பை இன்னைக்கு வரைக்கும் நான் சாப்பிட்டதில்ல.”

“இருபத்திரண்டு வருசம்லே! என் கையை நானே நம்பல. பெத்த மக கல்யாணத்துக்குக்கூட நான் கரண்டி பிடிக்கல!”

சற்குணம் கையை ஓங்கினார். ஏசுவடியான் விலகவில்லை. அடி விழட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஓங்கின கை இறங்கி, அவர் பிடித்திருந்த வாளியைப் பிடுங்கியது.

“கோவம் இருக்குலே. நாளைக்கும் இருக்கும். ஆனா மன்னிச்சிட்டேன். போய் உக்காரு, இன்னைக்கு உனக்கு நான் ஊத்துறேன்.” சொல்லிவிட்டு, வாளியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “சவம், இதுல உப்பே பத்தல!”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. பந்தி முழுக்கப் பரவியது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ “ஸ்தோத்திரம்!” என்று கத்தினார்கள். “அடுத்த அசனம் சற்குணம் அண்ணன் கைதான்!” என்றார் இன்னொருத்தர். சற்குணம் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏசுவடியானுக்கு நெஞ்சு லேசாகி, எங்கே பறந்துவிடுவோமோ என்று இருந்தது.

ஆனால் பழகின உடம்பு உட்கார மறுத்தது. ஏசுவடியான் வந்து உபதேசியார் காதருகே குனிந்தார்.

“உபதேசியாரே, வெளியில கிடாரமெல்லாம் கிடக்கு. அதை மட்டும் கழுவிக் கவிழ்த்திட்டு வந்து உக்காந்துக்கிறேனே? ஏதாவது செஞ்சாத்தானே மனசு கேக்கும்.”

உபதேசியார் அவர் கையைப் பிடித்து இலைக்கு முன்னால் இழுத்து உட்கார வைத்தார்.

“காலையில கேட்டீங்களே, இன்னும் எத்தனை அசனத்துக்கு ஓடணும்னு? ஆடு அறுத்தாச்சு, சமைச்சாச்சு, இலையிலயும் விழுந்தாச்சு. இனி உங்களுக்குச் சாப்பிடுற வேலை மட்டுந்தான், அண்ணாச்சி.”