பக்கத்து இலை

பணகுடிக்குப் பக்கத்தில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் சங்கரியம்மையின் ஆசிரமம் இருந்தது. அம்மை அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். அவருடைய சீடர்கள்தான் ஊர் ஊராகப் போய்ச் சத்சங்கம் நடத்துவார்கள்.

சத்சங்கம் என்றால் பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் ஜமுக்காளம் விரிப்பார்கள். முன்னால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் அம்மையின் சால்வை ஒன்றை மடித்து வைப்பார்கள். அது அம்மையின் இருக்கை, அதில் யாரும் உட்காரக் கூடாது. அதற்கு ஓரமாக, தரையில், வந்திருக்கிற சீடர் உட்காருவார். பஜனை நடக்கும். சீடர் பேசுவார். ஆரத்தி முடிந்ததும் சாப்பாடு.

அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. முதலில் சீடருக்கு மட்டும் இலை போடுவார்கள். அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை வீட்டுக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். ஒருவர் விசிறுவார், ஒருவர் பரிமாறுவார், மற்றவர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் கைகழுவியதும் ஓர் அறையைத் திறந்துவிட்டு, "சாமி செத்த நேரம் படுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழும்.

சுகதேவர் அம்மையின் மூத்த சீடர். ஐம்பதைத் தாண்டியவர். மாதத்தில் முக்கால்வாசி நாள் இப்படிச் சாத்திய கதவுகளுக்குப் பின்னால்தான் படுத்திருந்தார். வெளியே இலை போடுகிற சத்தம் கேட்கும். "ஏ, இந்தப் பக்கம் அப்பளம் வரலியே" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். யாரோ யாரையோ கேலி செய்வார்கள், ஹாலே சிரிக்கும். உடனே ஒருவர், சாமி தூங்குகிறார் என்று "உஸ்" சொல்வார். எல்லாம் அடங்கிவிடும்.

சிரிப்பைக்கூட சுகதேவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்த "உஸ்"தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் அவர் அம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லு மக்கா" என்றார் அம்மை.

"வீட்டுக்குப் போயிரலாம்னு இருக்கேம்மா. ஆரல்வாய்மொழியில அக்கா இருக்கா. வந்துருன்னு கூப்பிடுதா."

"அக்காளுக்கு உடம்புக்கு என்னமும் செய்யுதோ?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

"உனக்கு என்ன?"

சுகதேவர் தலையைக் குனிந்துகொண்டார். "தனியா இருக்கும்மா."

"நீ போற வீட்டுல எல்லாம் கூட்டமால்லா இருக்கும்?"

"கூட்டத்துலதாம்மா தனியா இருக்கு. எல்லாரும் என்னைப் பாக்காங்க. எங்கூட யாரும் இல்ல. பக்கத்துல உக்காந்து ஒருத்தர் ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது. காவி கட்டினவனுக்கு இப்பிடி ஒரு ஏக்கம் வரலாமா? என் சாதனையில எங்க கோளாறுன்னு தெரியல."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் ஒரு சாப்பாட்டுக்காகவா அழுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

ஏதாவது ஒரு மந்திரம் சொல்வார், அல்லது விரதம் இருக்கச் சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தார். அம்மை அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"வாற ஞாயித்துக்கெழமை எந்த ஊரு?"

"வள்ளியூர். உரக்கடை குமரேசன் வீடு."

"போயிட்டு வா. சாப்பிட உக்காரும்போது பக்கத்துல ஒரு இலை போடச் சொல்லு. யாரையாவது உக்காரச் சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லு. பெறவு நீ அக்கா வீட்டுக்குப் போறதுன்னா போ."

சுகதேவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்து கேட்டால் தீர்ந்துபோகிற காரியத்துக்கா இத்தனை வருஷம் கதவுக்குப் பின்னால் கிடந்து புழுங்கினோம் என்று நினைத்தார். அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குமரேசனின் வீட்டு ஹாலில் உட்கார இடமில்லை. மாடிப்படியில்கூட ஆட்கள் இருந்தார்கள். பஜனை முடிந்ததும் குமரேசனின் மனைவி பகவதி கைகூப்பிக் கேட்டாள்.

"சாமி, அந்த இலைக் கதையைச் சொல்லணும். எங்க அப்பா அதைக் கேக்கணும்னே ஊர்லேருந்து வந்திருக்காங்க."

சுகதேவர் எந்த ஊருக்குப் போனாலும் சொல்கிற கதை அது. சொல்லிச் சொல்லி எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் படிந்துபோயிருந்தது.

"நான் ஆசிரமத்துக்கு வந்த புதிது" என்று ஆரம்பித்தார். "அம்மை சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் சுற்றி நிற்கிறோம். நான் விசிறிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று அம்மை என்னைப் பார்த்து, 'நீயும் ஒரு இலை போட்டு உக்காரு மக்கா' என்றார்கள். குருவுக்குச் சமமாக நான் உட்காருவதா? சோதிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இவனுக்கு அகங்காரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். அப்படியே விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள்."

இந்த இடத்தில் அவர் வழக்கம்போல் நிறுத்தினார்.

"இன்றைக்கும் அப்படித்தான். நாம் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் அவர்கள் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். உப்பு இருக்கிறதா, இல்லையா என்றுகூட அம்மைக்குத் தெரியாது. ருசியை வென்றவர்கள்."

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குமரேசன் பலகைமேல் இருந்த சால்வையைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஆரத்தி முடிந்தது. சுகதேவருக்கு இலை போட்டார்கள். பகவதி பரிமாற, குமரேசன் விசிறியை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள்.

"குமரேசன், இங்க இன்னொரு இலை போடச் சொல்லுங்க" என்றார் சுகதேவர்.

"யாருக்கு சாமி?"

"உங்களுக்குத்தான். வாங்க, சேந்து சாப்பிடுவோம்."

பகவதியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. குமரேசன் மனைவியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். பிறகு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் அவர் முகம் மலர்ந்தது.

"எங்களைச் சோதிக்கீயளா சாமி?"

"சோதிக்கல. சும்மா, ஒரு ஆள் பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்னு..."

"இப்பத்தான நீங்களே சொன்னீய சாமி, அம்மை சோதிச்சதை!"

சொல்லிக்கொண்டே குமரேசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவரைப் பார்த்துப் பகவதி விழுந்தாள். அப்புறம் வீட்டில் நின்றவர்கள் எல்லாரும் விழுந்தார்கள். மாமனாருக்கு முழங்கால் மடங்காது. அவரும் எப்படியோ விழுந்துவிட்டார். தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"எனக்காக உக்காருங்க!" என்றார் சுகதேவர். அவர் நினைத்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது.

பகவதி எழுந்து நின்று அழுதாள். "நாங்க என்ன தப்பு செஞ்சோம் சாமி? சமையல்ல எதுவும் கொறையா?"

சுகதேவர் சுற்றிப் பார்த்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்கிறவர்கள். பிள்ளைகள் பாயசப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்தால்தான் அவர்களுக்கு இலை விழும். இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

கைகழுவும்போது பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"பாத்தியா, ரெண்டே வாய்! சாமியும் அம்மை மாதிரியேதான்."

அறைக் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு வெளியே சிரிப்புச் சத்தமே இல்லை. தங்களுக்குப் பெரிய பாக்கியம் கிடைத்துவிட்டதென்று எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். அந்தச் சிரிப்பே தேவலை என்று சுகதேவருக்குத் தோன்றியது. இவ்வளவு பேர் இருக்கிற வீட்டில் தனக்கென்று ஓர் ஆள் இல்லை என்பது முன்பு சந்தேகமாக இருந்தது. இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டாயிற்று.

மறுநாள் ஆசிரமத்துக்குத் திரும்பியதும் பையைக் கட்டினார். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ஜபமாலை. மத்தியானம் கீழ்ரோட்டில் நாகர்கோவில் பஸ் வரும். ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆரல்வாய்மொழி. பையை வாசலில் வைத்துவிட்டு அம்மையிடம் சொல்லிக்கொள்ள உள்ளே போனார்.

அம்மை சாப்பிட உட்கார்ந்திருந்தார். சீடர்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். சமையலைப் பார்த்துக்கொள்கிற பூரணி பரிமாறிக்கொண்டிருந்தாள். சுகதேவர் தன்னை அறியாமலே ஆணியில் தொங்கிய விசிறியை எடுத்து விசிறத் தொடங்கினார். பழகிய கை.

"கேட்டியா மக்கா?"

"கேட்டேம்மா."

"உக்காந்தாங்களா?"

"எல்லாரும் விழுந்து கும்பிட்டாங்க."

"எதுக்கு?"

"நான் சோதிக்கேன்னு நெனச்சுக்கிட்டாங்க."

அம்மை சோற்றைப் பிசைந்தார். "நீ சோதிச்சியா?"

"இல்லம்மா. எனக்கு ஒரு ஆள் வேணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

"பெறவு என்ன செஞ்ச?"

"ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டு எந்திச்சிட்டேன்."

"பசி இல்லையா?"

"பசிச்சுதும்மா. ஆனா எல்லாரும் சுத்தி நிக்காங்க. நான் எந்திச்சாத்தான் அவங்க சாப்பிட முடியும். அதான் சட்டுனு..."

அவர் பேச்சு நின்றுவிட்டது. விசிறியும் நின்றது.

அம்மை தலையை நிமிர்த்தவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் கைகழுவினதும் நீங்க அடுக்களையில உக்காருவீங்கள்லா? சிரிக்கிற சத்தம் எனக்கு இங்க கேக்கும்."

அம்மை ஒரு வாய் சாப்பிட்டார்.

"அதுக்குள்ள ஒருத்தர் 'உஸ்'ஸும்பீங்க."

முன்பெல்லாம் அந்த அடுக்களையில் அப்படிச் சொல்கிறவர் சுகதேவர்தான்.

அவருக்குக் குமரேசன் விழுந்ததும், தான் உட்காருங்கள் என்று கத்தியதும், ஊர் ஊராகத் தான் சொல்லிவந்த கதையும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எத்தனை ஹாலில் சொல்லியிருப்பார்! எத்தனை பேர் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்திருப்பார்கள்! அம்மையின் குனிந்த தலையில் நரைமுடி கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. இத்தனை காலம் பக்கத்திலேயே நின்று விசிறியும் அதை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று பட்டது.

அவர் விசிறியைக் கீழே வைத்தார். அடுக்களைக்குப் போய் ஓர் இலையை எடுத்துவந்தார். அம்மையின் இலைக்குப் பக்கத்தில் அதை விரித்துத் தண்ணீர் தெளித்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா! என்ன காரியம் செய்யுதீய!" என்று பதறினாள் பூரணி.

"சோறு போடும்மா" என்றார் சுகதேவர்.

பூரணி அம்மையைப் பார்த்தாள். அம்மை தடுக்கவில்லை. அவள் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், அவியல் வைத்தாள். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரமாகவே நின்றுகொண்டிருந்தார்கள்.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அம்மை மெதுவாகச் சாப்பிட்டார். அவர் இவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு கவளமாக உருட்டி, மென்று, குழம்பை விரலால் வழித்தார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

கீழ்ரோட்டில் நாகர்கோவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நின்றது. போய்விட்டது. அம்மை வாசலில் இருந்த பையைப் பார்த்தார். சுகதேவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா" என்றார் தயங்கித் தயங்கி. "அன்னைக்கு எதுக்கும்மா என்னை உக்காரச் சொன்னீய?"

அம்மை வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"அன்னைக்கு அவியல் நல்லா இருந்துச்சு மக்கா. இன்னைக்கு உப்பு காணாது."